இருபத்தொன்றாம் பக்கத்துப் பிறை

1. எல்லாமே நல்லா இருக்கும்

வேலைக்குப் போன முதல் நாளிலேயே ஒரு பெண்மணி என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் முதலாளிக்கு ஒரு கடை இருந்தது. பத்திரிகை, நோட்டு, பேனா, ஊதுபத்தி, அதோடு மதராஸிலிருந்து பார்சலில் வரும் நாவல்கள். கடையில் விற்பது ஒரு பக்கம், எஸ்டேட்டுகளுக்குக் கொண்டுபோய் வாடகைக்கு விடுவது இன்னொரு பக்கம். இரண்டாவது வேலைக்குத்தான் என்னை எடுத்தார். அதுவரை நான் அத்தாவோடு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி வீசிக்கொண்டிருந்தவன். படிப்பு ஆறாம் வகுப்பு. நாவலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது கனமாக இருக்கும் என்பதுதான்.

கப்சாய் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டி கட்டியிருந்தது. அறுபது புத்தகம் கொள்ளும். முதலாளி சாவியைக் கையில் வைத்துச் சொன்னார்: "கமாலு, போற எடத்துல எல்லாம் ஒரே கேள்விதான் கேப்பாங்க. எது நல்லா இருக்கும்னு. கைய விட்டு ஒண்ண எடுத்துக் குடு. முழிச்சிக்கிட்டு நிக்காதே."

முதல் நிறுத்தம் ஜெராம் போகும் சாலையில் உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் எஸ்டேட். நான் போனபோது பால் நிறுக்கும் கொட்டகையில் பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். ஓர் அக்கா வரிசையை விட்டு வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். தலையில் துண்டு, முழங்கை வரைக்கும் காய்ந்த ரப்பர் பால்.

"பாய், இதுல எது நல்லா இருக்கும்?"

"எல்லாமே நல்லா இருக்கும்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாமே நல்லா இருக்குன்னா நீங்க ஒண்ணையும் படிக்கலன்னு அர்த்தம். மீன் விக்கிறவரு கூட எது நேத்து மீனுன்னு தெரிஞ்சு வெச்சிருப்பாரு லா."

வரிசையே சிரித்தது. தராசுக்குப் பக்கத்தில் நின்ற கங்காணி, மண்டோர் சுப்பையா எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். அந்த அக்காவின் பெயர் அஞ்சலை. இந்தக் குறிப்பை எழுதுவதே அவரால்தான்.

அன்று சாயங்காலம் என் மனைவி ஜமீலாவிடம் நடந்ததைச் சொன்னேன். "அந்தக்கா சொன்னது சரிதானே? ருசி பாக்காம பரிமாறினா அத்தா உங்கள அடிச்சிருப்பாரு" என்றாள். அன்று முதல் மாலையில் அஸர் தொழுகைக்கும் மக்ரிபுக்கும் நடுவில் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். விரலை வரியின் கீழ் வைத்துச் சத்தமாகப் படிப்பேன். ஜமீலா அடுப்படியில் இருந்தபடியே கேட்பாள். கதை சூடு பிடித்தால் மீன் தீய்ந்துபோகும். எந்த நாவல் நல்ல நாவல் என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் அளவு.

2. முத்திரைப் பக்கம்

வாடகைப் புத்தகம் எல்லாவற்றுக்கும் முதலாளி கடை முத்திரையை இருபத்தொன்றாம் பக்கத்தில் குத்துவார். அட்டை கிழிந்தாலும் முதல் பக்கங்கள் போனாலும் புத்தகம் எங்களுடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. வாசகர்கள் அந்தப் பக்கத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

புத்தகப் பெயர் யாருக்கும் நினைவில் நிற்காது. அட்டைக்கு மேல் சிமெண்டுத் தாள் போட்டு ஒட்டியிருப்போம், எல்லாப் புத்தகமும் ஒன்று போலவே இருக்கும். ஏற்கெனவே படித்ததையே மறுபடி எடுத்துப் போய்விட்டு ஏமாறுவார்கள். அதனால் படித்து முடித்ததும் முத்திரையைச் சுற்றி ஆளுக்கொரு குறி போட்டுவிடுவார்கள். அஞ்சலை அக்காவின் குறி ஒரு சாய்ந்த கோடு. மரத்தில் கத்தி போட்டால் விழும் கோடு மாதிரியே இருக்கும். மண்டோர் சுப்பையா காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும் அதே சரி அடையாளத்தைப் போடுவார். கெர்லிங் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணியின் மனைவி ஒரு பூ வரைவார், புத்தகம் பிடித்திருந்தால் அதற்கு இலையும் இருக்கும். ரவாங்கில் ரயில்வே வேலை பார்த்த ஒருவர் இரண்டு கோடு போட்டுக் குறுக்கே கட்டைகள் வைப்பார்.

நானும் ஒரு சிறிய பிறை போடத் தொடங்கினேன். முழுதும் படித்த புத்தகத்தில் மட்டும்.

பிறகுதான் எனக்கு இந்தத் தொழில் பிடிபட்டது. ஒருவருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் முன் இருபத்தொன்றாம் பக்கத்தைப் பார்ப்பேன். ரயில்வேக்காரர் குறியும் கிராணி மனைவியின் குறியும் ஒன்றாக விழுந்த புத்தகம் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அவருக்குத் துப்பறிவது வேண்டும், அந்தம்மாவுக்குக் கல்யாணத்தில் முடிய வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் யாருக்கும் துணிந்து கொடுக்கலாம். இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். புத்தகத்தை நீட்டும்போது கதையைச் சொல்லக்கூடாது. முதல் சிக்கலை மட்டும் சொல்ல வேண்டும். "கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளையோட அண்ணன் காணாமப் போயிடுவாரு" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும். கை தானாக நீளும்.

சுப்பையா மண்டோருக்கு மட்டும் இது பலிக்காது. அவர் கடைசிப் பக்கத்தை முதலில் படித்து, கொலைகாரன் யார் என்று வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவார். பெண்கள் சண்டைக்குப் போனார்கள். அஞ்சலை அக்காதான் வழி கண்டுபிடித்தார். துப்பறியும் நாவல்களின் கடைசி இரண்டு தாள்களின் ஓரத்தில் ரப்பர் பாலைத் தொட்டு ஒட்டிவிட்டார். பிரித்தால் கிழிந்த ஓரம் காட்டிக் கொடுத்துவிடும். "மண்டோரே, ஒழுங்கா மொத பக்கத்துலேருந்து வாங்க" என்பார். புத்தகங்களின் அவிழ்ந்த முதுகுகளை ஒட்டுவதும் ரப்பர் பால்தான். எங்கள் பெட்டியைத் திறந்தால் பால் வாசனைதான் முதலில் வரும். எனக்கு இன்றைக்கும் புதுப் புத்தக வாசனை அவ்வளவாக ஒட்டாது.

பிறை விழுந்த புத்தகங்கள் தனியாக ஓடத் தொடங்கின. "பாய் பிறை இருக்கா? அப்ப குடுங்க" என்று பெட்டியருகே வந்து கேட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஆறாம் வகுப்புப் படித்தவனுக்கு அது பெரிய மரியாதை. அந்த மரியாதையில்தான் சறுக்கினேன்.

3. இல்லாத புத்தகம்

ஒருநாள் கொட்டகையில் பாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டார். அஞ்சலை அக்காவுக்கு அடுத்த நிரையில் பால் வெட்டுகிறவர், வாய் நீளம்.

"பாய், அந்தக் கொலுசுக் கதை கொண்டாங்க. என் தங்கச்சி கேக்கறா."

"எந்தக் கொலுசு?"

"கப்பல்ல வந்தவ, ஊருல விட்டுட்டு வந்த புள்ளையோட கொலுச அரிசி மூட்டையில ஒளிச்சு வெப்பாளே. உங்க புத்தகம்தானே!"

பெட்டியில் இல்லை. கடையில் போய் எல்லா அலமாரியையும் கவிழ்த்தேன். முதலாளி, "அப்படி ஒண்ணு மதராஸ் பார்சல்ல வரவே இல்லயே" என்றார். அடுத்த வாரம் இன்னொரு பெண் அதையே கேட்டார். மூன்றாம் வாரம் மண்டோரும் கேட்டார், அதுவும் கடைசிப் பக்கம் மட்டும் போதுமாம்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் கொட்டகையில் படிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர். மற்றவர்களுக்கு அஞ்சலை அக்காதான் நாவல். வாரம் ஒன்று எடுத்துப்போவார், நிறுவைக்குக் காத்திருக்கும் நேரத்தில் நாளுக்கொரு துண்டாகச் சொல்வார். சுப்பையா வேண்டுமென்றே தராசை மெதுவாகப் பார்ப்பாராம், கதை நீளட்டும் என்று. ஒருமுறை நான் கொடுத்த நாவலில் கடைசிப் பதினைந்து பக்கம் இல்லை, கரையான் தின்றுவிட்டது. அக்கா விடவில்லை. முடிவைத் தானாகவே சொல்லிவிட்டார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதில் தைரியம் வந்து, அடுத்து ஒரு முழுக் கதையையே சொந்தமாகச் சொல்லி, "பாய் குடுத்த புத்தகம்" என்று என் தலையில் கட்டியிருக்கிறார்.

"ஏன்கா, என் பேர இழுத்தீங்க?"

"நான் சொன்ன கதன்னா கேப்பாளுங்களா? அச்சடிச்சதுன்னாதானே வாயப் பொத்திட்டுக் கேக்கறாளுங்க."

அந்த வாரம் ஒரு பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் வாசகர்கள் கதை அனுப்பலாம் என்று அறிவிப்பு வந்திருந்தது. நான்தான் அதை வெட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். "அச்சடிச்சாத்தான் கேப்பாங்கன்னா அச்சடிச்சிடுவோம்கா. எழுதி அனுப்புங்க."

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தத் துண்டை வாங்கினார். இரண்டு முறை படித்தார். அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு கூச்சம்.

"எழுதணும்னு ரொம்ப நாளா ஆசைதான் பாய். எங்க வீட்டுக்காரரு உயிரோட இருந்தப்பவே சொல்வாரு. ஆனா எழுதறதுன்னா அதுக்கு மொற இருக்குமில்ல. கத எழுதக் கத்துக் குடுக்கற புத்தகம் எல்லாம் இருக்காமே. இருக்கா?"

இருந்தது.

4. மூன்று பிறைகள்

அந்தப் புத்தகம் மூன்று பிரதி வந்து, மூன்று மாதமாகப் பெட்டியின் அடியில் கிடந்தது. எஸ்டேட்டில் யார் கதை எழுதப் போகிறார்கள்? யாரும் தொடவில்லை. நான் ஒருநாள் அஸருக்குப் பிறகு எடுத்து உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் தாண்டவில்லை. கண் சொருகிவிட்டது. ஜமீலாவும், "அத வெச்சிட்டு வேற படிங்க, மீன் நல்லாவே வெந்துடும் போல" என்றாள்.

முதலாளியிடம் சொன்னேன், படித்து முடிக்க முடியவில்லை என்று.

"எழுதக் கத்துக் குடுக்கற புக்க நீ ஏன்யா படிக்கணும்? நீ என்ன எழுதப் போறியா? ஒன் பிறைய போட்டு ஓட்டு."

"படிக்காம எப்படி முதலாளி?"

"பேனா எடுத்துத்தான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூன்றிலும் பிறை போட்டேன். ஒரு பிறை போட எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரம்தான் ஆனது.

அஞ்சலை அக்காவிடம் நீட்டியபோது அவர் நேராக இருபத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்தார். முத்திரைக்குக் கீழே என் பிறை மட்டும் தனியாக இருந்தது.

"முழுசும் படிச்சீங்களா பாய்?"

"அதான் குறி இருக்கே அக்கா" என்றேன்.

ஆமாம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். பொய் சொல்லாமல் பொய் சொல்லும் வழி அது. அவர் புத்தகத்தைத் துண்டுக்குள் சுற்றி, மதியச் சாப்பாட்டு டின் இருந்த பைக்குள் வைத்துக்கொண்டார்.

5. கொட்டகையில் சத்தம் இல்லை

அடுத்த வாரம் போனபோது வரிசை நின்றது, வாளிகள் நின்றன, பேச்சில்லை. வழக்கமாக அக்காவைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். அன்று அவர் தூணில் சாய்ந்து தனியாக உட்கார்ந்திருந்தார்.

பாக்கியம் நேராக என்னிடம் வந்தார். "என்னா பாய் புத்தகம் குடுத்தீங்க? அக்கா கதையே சொல்ல மாட்டேங்குது."

"ஏன்?"

"அதுல போட்டிருக்காம். எழுதறதுக்கு முன்னாடி கதைய யார்கிட்டயும் சொல்லக்கூடாது, சொன்னா ஆவி போயிடும்னு. என்னா ஆவி லா, இது என்னா பிட்டா?"

இரண்டு மாதம் இப்படியே போனது. நிறுவை சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று கிராணியே ஆச்சரியப்பட்டாராம். சுப்பையா மண்டோர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் பெட்டியில் எடுப்பவர்களும் குறைந்தார்கள். யார் வீட்டிலாவது வீடியோ டேப் வாடகைக்கு வந்தால் எல்லாரும் அங்கே போனார்கள். அக்கா மட்டும் வாரா வாரம், "இன்னும் கொஞ்சந்தான் பாய்" என்பார். கண்ணில் தூக்கம் இருக்கும்.

பிறகு ஒருநாள் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஒருநாள், நான் மோட்டாரை நிறுத்தும் முன்பே வந்து, அந்தப் புத்தகத்தைப் பெட்டி மேல் வைத்தார். கூடவே ஒரு நீளமான கவர். கதை திரும்பி வந்திருந்தது. அதோடு ஒரு சின்னத் தாள்: இதுபோன்ற கதைகள் எங்களுக்கு நிறைய வருகின்றன, தங்கள் அனுபவத்தை எழுதிப் பாருங்கள் என்று.

"நீங்களே வெச்சுக்குங்க பாய். எனக்கு இது வராது. இனிமே எனக்குப் புத்தகமும் வேணாம்."

"நாவல் மட்டுமாவது..."

"அதப் படிச்சா இவளுங்க சொல்லச் சொல்லுவாளுங்க. சொல்ல வாயத் தொறந்தா, இது சரியா தப்பான்னு தோணுது. முன்னாடி எல்லாம் தோணவே தோணாது."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அங்கேயே ஒரு ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து கதையைப் பிரித்துப் படித்தேன். மதராஸில் ஒரு மாளிகை. வாசலில் பூந்தோட்டம். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி. அரிசி மூட்டை இருந்த இடத்தில் தந்தத்தில் செய்த நகைப் பெட்டி. எல்லாரும் மேடையில் பேசுவதுபோல் பேசினார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி மனம் திருந்திக் கொலுசைத் திருப்பிக் கொடுத்து, இரண்டு பக்கத்துக்கு உபதேசம் சொன்னாள். அஞ்சலை அக்காவை அதில் எங்கேயும் காணவில்லை.

6. சாட்சி

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அந்த வழிகாட்டிப் புத்தகத்தை எடுத்தேன். இந்த முறை கண் சொருகவில்லை. மூன்று நாளில் முடித்தேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அது கெட்ட புத்தகம் அல்ல. மதராஸில் வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுத விரும்புகிறவர்களுக்காக, அந்த ஊர் வழக்கம் தெரிந்த ஒருவர் எழுதியது. வாசகருக்குப் பழக்கமில்லாத தொழிலை எழுதாதே, பாத்திரங்களைச் சுத்தத் தமிழில் பேச வை, கதையில் ஒரு பாடம் இருக்கட்டும் என்றெல்லாம் சொல்லியிருந்தது. அங்கே இருப்பவருக்கு அது உதவியிருக்கலாம். எண்பதாம் பக்கத்தில் ஒரு நல்ல யோசனைகூட இருந்தது: எழுதியதை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு, வேறு யாரோ எழுதியதுபோல் எடுத்துப் படி என்று. நான் முன்பே படித்திருந்தால் அக்காவிடம், "இந்த எண்பதாம் பக்கம் மட்டும் பாருங்க, மத்தது நமக்கு இல்ல" என்று சொல்லியிருப்பேன். நாலு வார்த்தை. அதைச் சொல்வதுதான் என் வேலையாக இருந்தது.

ஜமீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறை போட்டதையும். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

"அது குறி இல்லீங்க. சாட்சி. நான் படிச்சேன், நல்லா இருக்குன்னு நீங்க சொல்ற சாட்சி. அந்தக்கா நம்புனது உங்க சாட்சிய."

"தௌபா செஞ்சிட்டேன் ஜமீலா. அல்லாஹ் மன்னிக்கணும்."

"அல்லாஹ் மன்னிப்பான். ஆனா மனுசங்களுக்கு செஞ்சத மனுசங்ககிட்டதானே போய்க் கேக்கணும்? போய்ச் சொல்லிட்டு வாங்க. தனியா கூப்பிட்டுச் சொல்லாதீங்க. எல்லாருக்கும்தானே கதை நின்னுபோச்சு."

மறுநாள் என் சுற்றில் அந்த எஸ்டேட் கிடையாது. ஆனாலும் போனேன். பெட்டியை அவிழ்க்கவில்லை. கொட்டகையில் வரிசை நின்றிருந்தது. அக்கா தூணருகே இருந்தார்.

"அக்கா, எல்லாரும் கேளுங்க. அந்த எழுதக் கத்துக் குடுக்கற புத்தகத்த நான் படிக்கவே இல்ல. படிக்காமயே பிறை போட்டேன்."

சுப்பையா தராசுக் கம்பியைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"எத்தன பக்கம் படிச்சீங்க?" என்று கேட்டார் அஞ்சலை அக்கா.

"ரெண்டு."

"ரெண்டு பக்கம்!" பாக்கியம் கையைத் தட்டினார். "அக்கா அத ரெண்டு மாசம் தலைமாட்டுல வெச்சுத் தூங்குச்சு. இவரு ரெண்டு பக்கம்!"

சுப்பையா விடவில்லை. "நானாவது கடைசிப் பக்கத்த படிப்பேன் பாய். நீங்க அதுவும் இல்ல."

சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. "நான் ஒவ்வொரு வரியா அடிச்சு அடிச்சு எழுதுனேன் பாய். பால் டின்னுன்னு எழுதுவேன், ஐயோ இது மொறையில்லன்னு அடிப்பேன். நாங்க இருக்கற வரிசை வீட்ட லயம்னு எழுதி அடிச்சேன். பாய் படிச்சிட்டுதானே குடுத்திருக்காரு, அவருக்குப் புரிஞ்சது எனக்குப் புரியலயேன்னு அழுதுருக்கேன்."

"மன்னிச்சுக்குங்கக்கா. அந்தப் புத்தகத்த இப்ப முழுசும் படிச்சிட்டேன். நீங்க அடிச்சதெல்லாம் அடிக்க வேண்டியதே இல்ல. திரும்பி வந்த உங்க கதையில எனக்குப் பிடிக்காதது, நீங்க அதுல இல்லங்கறதுதான்."

அவர் வாளியை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"கொலுசுக் கதைய நான் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

"இல்லக்கா. மத்தவங்க சொன்னதுதான்."

"கேக்காத கதைய எழுதச் சொன்னீங்க, படிக்காத புத்தகத்த குடுத்தீங்க. நல்ல யாவாரம். அந்தக் கட்டையில உக்காருங்க."

உட்கார்ந்தேன். அக்கா துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். வட்டம் தானாகக் கூடியது. சுப்பையா தராசின் குண்டை எடுத்துக் கீழேயே வைத்துவிட்டார்.

7. மூணாவது டின்

கதை இதுதான். கப்பலில் வந்த ஒருத்தி, ஊரில் தங்கையிடம் விட்டுவந்த பிள்ளையின் கொலுசில் ஒன்றை லயத்து வீட்டில் அரிசி மூட்டைக்குள் வைத்திருப்பாள். அரிசி தீரத் தீர அடுத்த மூட்டைக்கு மாற்றுவாள். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி அரிசி கேட்டு வருவாள். இவள் பால் டின்னால் இருட்டு மூலையில் அளந்து போடுவாள், மூன்று டின். கொலுசும் போய்விடும். கேட்க வெட்கம். கொடுத்த அரிசியைத் திருப்பிக் கேட்டதுபோல் ஆகிவிடுமே. சில மாதம் கழித்து அந்த வீட்டுப் பிள்ளையின் காலில் அந்தக் கொலுசைப் பார்ப்பாள். கேட்கவே மாட்டாள். பிள்ளை நடக்கத் தொடங்கியதும், லயத்து வாசலில் அந்த ஒற்றைக் கொலுசுச் சத்தம் கேட்டுத்தான் இவள் தினமும் விழிப்பாள். அவ்வளவுதான்.

நடுவில் பெண்கள் சும்மா இருக்கவில்லை. "போன தடவ மழன்னு சொன்ன?" "மழைன்னா மூட்ட நனையும்டி, வேணாம்னு எடுத்துட்டேன்." "டின்னு சத்தம் வரலயே?" "வரேன் இரு." அக்காவின் கை அளந்து போட்டது. மூன்றாவது டின்னில் அந்தக் கை ஒரு நொடி நின்றது. ஏதோ கனமாக இருந்தது, ஆனால் வெளியே ஆள் நிற்கிறதே என்று கொட்டிவிட்டது.

முடிந்ததும் சுப்பையா, "இத இப்படியே எழுது அஞ்சல" என்றார். பிறகு வேகமாகத் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதியத் தொழுகையான லுஹர் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. நான் வந்ததைப் பார்த்து, வழக்கம்போல் பின்பக்கம் எனக்காக ஒரு வாளியில் நல்ல தண்ணீர் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு மாதமும் அதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. கை கால் கழுவி ஒளுச் செய்து தொழுதுவிட்டு, அடுத்த எஸ்டேட்டுக்குப் போகாமலே திரும்பினேன். முதலாளி திட்டினார். திட்டு சரிதான், வாங்கிக்கொண்டேன்.

அக்கா எழுதினார். தினமும் கொட்டகையில் எழுதியதைப் படித்துக் காட்டினார், ஆவி போனால் போகட்டும் என்று. முடித்ததும் எண்பதாம் பக்கத்து யோசனையைச் சொன்னேன். "அதுல அது ஒண்ணுதான் நல்லாருந்துச்சு, நானே குறிச்சு வெச்சிருந்தேன்" என்றார். ஒரு வாரம் மூடி வைத்து, எடுத்துப் பார்த்து, நாலு வரி வெட்டி, அதே பத்திரிகைக்கே அனுப்பினார். அடுத்தடுத்த ஞாயிறுகளில், பத்திரிகைக் கட்டை அவிழ்த்ததும் நான் முதலில் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். பல வாரம் இல்லை. பிறகு ஒரு ஞாயிறு இருந்தது. கடையில் நின்றபடியே ஒருமுறை படித்தேன். வீட்டுக்குப் போய் விரல் வைத்துச் சத்தமாக இன்னொரு முறை படித்தேன். மீன் கருகியது.

நாவல் அளவுக்குப் பக்கம் வராது. அதனால் அந்தப் பக்கத்தை வெட்டி, மடித்து, சிமெண்டுத் தாள் அட்டை போட்டு, ரப்பர் பாலால் ஒட்டி, முதலாளியிடம் முத்திரை வாங்கினேன். இருபத்தொன்றாம் பக்கம் இல்லாததால் கதை முடியும் இடத்தில் குத்தினார். பெட்டியில் மேலாக வைத்து எல்லா எஸ்டேட்டுக்கும் கொண்டுபோனேன். கெர்லிங்கில் பூ விழுந்தது, இலையோடு. ரவாங்கில் தண்டவாளம் விழுந்தது. பிறகு கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். சுப்பையா சரி போட்டார், முதல் வரியிலிருந்து படித்ததாகச் சத்தியம் செய்தார்.

அஞ்சலை அக்கா முத்திரையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார்.

"பிறைய காணமே பாய்?"

"ரெண்டு தடவ படிச்சிட்டேன்கா. உங்க முன்னாடி போடணும்னு வெச்சிருந்தேன்."

நான் பேனாவை எடுத்தேன். அவர் தாளின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"கொலுசு எந்த டின்னுல போச்சு?"

"மூணாவது."

"கை ஏன் நின்னுச்சு?"

"கனமா இருந்துச்சு. வெளிய அந்தப் பொண்ணு நிக்கிறான்னு கொட்டிட்டாங்க."

அவர் கையை எடுத்தார். "சரி. போடுங்க."

அந்த வழிகாட்டிப் புத்தகத்தின் மூன்று பிரதிகளிலும் பழைய பிறையை அடித்துவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டேன். யார் கேட்டாலும், எந்தப் பக்கம் நமக்கு, எந்தப் பக்கம் நமக்கில்லை என்று சொல்லித்தான் கொடுத்தேன். திருவிழாவுக்கு நாடகம் எழுதிய ஒரு கிராணிக்கு அது நன்றாகவே உதவியது.

இப்போது நீங்கள் ஒருவருக்கொருவர் கைப்பேசியிலேயே நாவல் சிபாரிசு செய்துகொள்கிறீர்கள். நல்ல காரியம். நானும் செய்கிறேன். அனுப்பும் முன் அந்தக் கொட்டகையும், தாளை மறைத்திருந்த பால் படிந்த கையும் நினைவுக்கு வரும். எந்த டின்னில் போனது என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பதில் தெரிந்தால் அனுப்புவேன். தெரியாவிட்டால், "ரெண்டு பக்கம்தான் படிச்சேன்" என்று சேர்த்து எழுதி அனுப்புவேன்.